பிரேக் அக்கா வாங்கிய சவுண்ட்பார்

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவருக்கு ஸ்டீயரிங் கிடையாது. காலடியில் ஒரு பிரேக் மட்டும் உண்டு. அந்த ஒற்றை மிதியை நம்பித்தான் அவள் பிழைப்பு ஓடியது. கற்றுக்கொள்ள வரும் பெண்கள் முதலில் 'மேடம்' என்பார்கள். ஏதாவது ஒரு நாற்சந்தியில் லாரி குறுக்கே வந்து, இவள் மிதித்து நிறுத்திய பிறகு 'அக்கா' என்பார்கள். நாளடைவில் 'பிரேக் அக்கா' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

போன் எடுத்துப் பேசத்தான் அந்த ஸ்கூலில் சேர்ந்தாள். அங்கே சொல்லிக்கொடுத்த ஆண்கள் எல்லாரும் கத்துகிறார்கள் என்று பெண்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். முதலாளிக்கு வேறு வழி தெரியாமல் இவளை வண்டியில் ஏற்றினார். இவள் கத்தமாட்டாள். "கத்துனா அவங்க ரோட்டை விட்டுட்டு நம்ம மூஞ்சியப் பாப்பாங்க. அப்புறம் ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிலதான் பாத்துக்கணும்" என்பாள்.

வீட்டில் கதை வேறு. ஸ்கூலில் பஞ்சு, வீட்டில் சங்கு. டீ வேண்டுமா என்று கேட்பதற்கே கூவ வேண்டியிருந்தது. கணவர் ஓர் அச்சகத்தில் பெரிய ஆப்செட் மெஷின் ஓட்டினார். நல்ல மனிதர். குடி இல்லை, வம்பு இல்லை, பேச்சு அதைவிட இல்லை. என்ன சொன்னாலும் 'ம்' என்பார். கல்யாணமான ஆண்களுக்கு ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விடுவது கூடவே வரும் குணம் என்று அவளும் விட்டுவிட்டாள். ஒரே மகள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு வீட்டில் இரண்டு பேரும் ஒரு டிவியும்தான் மிச்சம்.

அந்த டிவியில்தான் வினை ஆரம்பித்தது.

"ஒண்ணும் புரியல. எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறானுங்க" என்று அவர் ஒலியைக் கூட்டுவார். பேச்சு முடிந்து சண்டை வந்தால் வீடே இடிந்து விழுவதுபோல இருக்கும். அடுப்படியிலிருந்து அவள் கரண்டியோடு ஓடிவந்து ரிமோட்டைப் பிடுங்கிக் குறைப்பாள். மறுபடியும் பேச்சு வரும். மறுபடியும் அவர் கூட்டுவார். ஒரு படம் முடிவதற்குள் அவள் நடந்த தூரத்துக்கு சந்தைக்கே போய் வந்திருக்கலாம்.

அவருடைய தம்பிதான் வழி சொன்னான். எதை வாங்குவதென்றாலும் முதலில் வீடியோ பார்த்துவிட்டு வந்து மற்றவர்களுக்குப் பாடம் நடத்துவது அவன் வழக்கம்.

"அண்ணி, இப்ப வர்ற டிவியெல்லாம் ஒல்லி. ஸ்பீக்கரை முதுகுல வெச்சிருக்கான். அது உங்ககிட்ட பேசல, செவுத்துகிட்ட பேசுது. ஒரு சவுண்ட்பார் போடுங்க, கூடவே கனத்த சத்தத்துக்கு ஒரு பெட்டி, சப்வூபர். தியேட்டர் தோத்துடும்."

"தியேட்டர் தோக்க வேணாம். உங்க அண்ணன் ஜெயிச்சா போதும்" என்றாள் அவள்.

கடையில் விற்பனைப் பையன் இருப்பதிலேயே விலை குறைந்த ஜோடியைக் காட்டினான். நீளமாக ஒரு கட்டை, பக்கத்தில் கைப்பிடி இல்லாத ஒரு கனப் பெட்டி. பொத்தானை அழுத்தினான். ஹெலிகாப்டர் ஒன்று தலைக்கு மேல் சுற்றியது.

"யாராவது பேசற மாதிரி போடுங்க தம்பி."

அவன் அடுத்ததைப் போட்டான். இடி, மின்னல், குதிரைகள்.

"என் வீட்டுக்கு குதிரையும் வராது, ஹெலிகாப்டரும் வராது. ரெண்டு பேர் உக்காந்து சாதாரணமா பேசிக்கணும். அது காதுல விழுதான்னு பாக்கணும். அவ்வளவுதான்."

"வாய்ஸ் மோடு இருக்கு மேடம். வீட்டுல போய் கேட்டுப் பாருங்க, அசந்துடுவீங்க. பிடிக்கலன்னா ஒரு வாரத்துல திருப்பிக் குடுங்க."

பேச்சு கேட்பதற்கு என்று விற்கிற பொருளில் பேச்சைக் கேட்டுப் பார்க்க வசதி இல்லையே என்று அவளுக்கு அங்கேயே எரிச்சல் வந்தது. கணவர் மட்டும் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, "நல்லா இருக்கு" என்றார். அதிர்வு கைக்குத் தெரிந்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

விடுமுறை நாளில் பிரித்தார்கள். கட்டை டிவி மேஜையை விட நீளமாக இருந்தது. எப்படியோ டிவியின் முன்னால் குறுக்கே கிடத்தினார்கள். கிடத்தியதும் டிவி ரிமோட் வேலை செய்யவில்லை. டிவியின் கீழ்விளிம்பில் இருந்த கண்ணை இந்தக் கட்டை மறைத்துக்கொண்டது. சேனல் மாற்ற வேண்டுமானால் எழுந்து நின்று, மேலிருந்து கீழே குறிபார்த்து அழுத்த வேண்டும். கூட வந்த வயரைச் செருகினார்கள். சத்தமே வரவில்லை. கழற்றிச் செருகினார்கள். வரவில்லை. தம்பிக்கு போன் போட்டாள்.

"அண்ணி, வயர் முனையில ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழட்டுனீங்களா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இருந்தது. அரிசிமணி அளவுக்கு, கண்ணாடி நிறத்தில், இல்லாததுபோலவே இருந்தது. இதை வடிவமைத்தவனைத் தன் காரில் ஏற்றி ஒரு சந்து முழுக்கப் பின்னோக்கி ஓட்டச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

ஒருவழியாகச் சத்தம் வந்தது. பெட்டியை மூலையில் வைத்தால் சுவரெல்லாம் சேர்ந்து முழங்கியது. சோபா பக்கத்தில் வைத்தால் ஜன்னல் கம்பி கிணுகிணுத்தது. எங்கே வைத்தாலும் கீழ்வீட்டு நர்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற பெண் அவள். கலைந்த தலையோடு படியேறி வந்து நின்றாள்.

"அக்கா, மேல மாவு இடிக்கிறீங்களா?"

"இல்லம்மா. படம் பாக்கறோம்."

"நான் கட்டில்ல படுத்தே பாத்துட்டேன்க்கா. என்னைத் தூங்க விடுங்க."

அக்கா பெட்டியின் முதுகில் இருந்த திருகைக் குறைத்து, அடியில் பழைய போர்வையை நாலாக மடித்து வைத்தாள். கணவர் முகம் சுருங்கியது. "இப்ப சப்புனு இருக்கு" என்றார்.

திருப்பிக் கொடுக்க ஒரு வாரம்தான் அவகாசம் என்பதால் அவள் முறையாகவே சோதித்தாள். புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் ஒரே தெருவில் ஓட்டச் சொல்லித்தான் அவள் எடைபோடுவாள். அதுபோல ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டாள். மழையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடும் காட்சி. 'சினிமா' என்று வைத்தால் பெண்டாட்டியை விட மழை அதிகமாகப் பேசியது. 'இசை' என்று வைத்தால் இருவரும் கிணற்றுக்குள் இறங்கிப் பேசினார்கள். 'குரல்' என்று வைத்தபோது அவளுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. தட்டில் வைத்ததுபோல, சொல் சொல்லாக.

"இப்ப?"

"சரியில்ல."

"எது சரியில்ல?"

"வாய்க்கும் பேச்சுக்கும் பொருந்தல. வாய் முதல்ல போகுது, பேச்சு பின்னாடி வருது."

அவள் கூர்ந்து பார்த்தாள். சொன்னபிறகுதான் தெரிந்தது, இமைக்கிற நேரம் இருந்தால் அதிகம். "இதுல என்னங்க குறைஞ்சு போச்சு? பஸ்ஸா தவறிடுச்சு?"

"உனக்குத் தெரியாது. எரிச்சலா இருக்கு."

பெட்டியையும் கட்டையையும் சுமந்துகொண்டு போய் வேறொன்று மாற்றி வந்தாள். அதே காட்சி, அதே மழை, அதே பதில். மழையில் நின்ற பெண்டாட்டியின் வசனம் முழுக்க அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. இதற்கிடையில் ஒருநாள் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது, வாசிக்கிற பெண்ணின் வாயிலிருந்து, "இடுப்பை வளைங்க, மூச்சை மெதுவா உள்ள இழுங்க" என்று வந்தது. மேல்வீட்டில் யாரோ உடற்பயிற்சி வீடியோ போட்டிருக்க, அந்த போன் இவர்கள் வீட்டுச் சவுண்ட்பாருடன் தானாக ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

கணவர் திரும்பிப் பார்த்தார். "வெள்ளத்துல வீடு போயிருக்கு. இதுல என்ன சிரிப்பு?"

அவர் எப்போதுமே நகைச்சுவைக்குத் தூரம் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போய் அந்த இணைப்பை அணைத்தாள்.

வாரம் முடியும் தறுவாயில் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கோளாறு கட்டையிலா, பெட்டியிலா? இரண்டையும் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த ரகத்தில் உயிரெல்லாம் பெரிய பெட்டிக்குள்தான். கட்டை வெறும் வாய். ஒரே ஒரு வயர்தான் அதைப் பெட்டியோடு சேர்த்திருந்தது. அவள் டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்து அந்த வயரை உருவினாள். கட்டை செத்தது. இப்போது பெட்டி மட்டும்தான் பேசியது. செய்தி வாசிப்பவள், கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேசுவதுபோல 'உம் உம் உம்' என்றாள். ஒரு சொல்கூட விளங்கவில்லை.

அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் சொன்னார்: "ஆங், இப்பதான் சரியா இருக்கு. அப்படியே விடு."

அவள் வயரைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"என்ன சொல்றா அவ?"

"யாரு?"

"செய்தில."

"பாலம் வேலை முடியலயாம். திறக்கறத தள்ளி வெச்சிருக்காங்களாம்."

டிவியின் அடியில் ஓடிய எழுத்தைப் பார்த்தாள். அது வேறு எதையோ சொன்னது. கொஞ்ச நேரத்தில் திரையில் பாதி கட்டிய பாலம் ஒன்று வந்தது.

அவள் மறுபடியும் டிவிக்குப் பின்னால் போனாள். இந்த முறை முகத்தைச் சுவர் பக்கம் வைத்துக்கொண்டு, ஸ்கூலில் பேசுகிற தன் சாதாரணக் குரலில் கேட்டாள். "என்னங்க, டீ போடட்டா?"

பதில் இல்லை.

"உங்க தம்பி ஒரு அரைவேக்காடு."

பதில் இல்லை. அவன்மேல் உயிரையே வைத்திருக்கும் மனிதர்.

எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள். குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். 'டீ போடட்டா?'

"போடேன்" என்றார் அவர்.

அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். டிவியை அணைத்தாள்.

"உங்களுக்கு காது கேக்கல."

"யார் சொன்னது? நல்லா கேக்குது."

"இப்ப நான் பேசவே இல்லைங்க. வாயைத்தான் அசைச்சேன்."

அவர் பெட்டியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் தன் கை நகங்களில் படிந்திருந்த மையைப் பார்த்தார். "கொஞ்சம் மந்தம்தான்" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"தெரியல. திடீர்னு வந்தா தேதி சொல்லலாம். இது மெதுவா வந்துச்சு."

"அச்சகத்துல வருஷா வருஷம் காது டெஸ்ட் பண்றாங்களே?"

"அந்த ஆள் பொத்தானை அழுத்தும்போது தோள் லேசா அசையும். அதைப் பாத்து விரலைத் தூக்குவேன்." சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சா மெஷின்லேர்ந்து எடுத்து பேப்பர் கட்டற பக்கம் போட்டுடுவாங்க. நான் மெஷின்காரன். கட்டு கட்டற ஆளா முடியணுமா?"

"அதுக்கு? என்கிட்டயும் மறைக்கணுமா? உங்க மெஷின்கூடயா நான் குடித்தனம் பண்றேன்?"

இந்த முறை எல்லாம் புரிந்தும் அவர் நகத்து மையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அவள் போய் அடுப்படியில் நின்றாள். ஒவ்வொன்றாகப் பிடிபட ஆரம்பித்தது. மொழிமாற்றுப் படம் என்றால் ஏன் எழுந்து போய்விடுவார். மகள் போன் செய்தால் ஏன் "அம்மாகிட்ட பேசு" என்று உடனே நீட்டிவிடுவார். ஊருக்கே கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் சொந்தப் புருஷனுக்கு மட்டும் ஏன் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் ரோட்டைத்தானே பார்க்க வேண்டும், அவள் வாயை எப்படிப் பார்ப்பார்? அவள் பக்கம் பிரேக் இல்லாத ஓர் இரவல் காரில், 'நிறுத்துங்க, நிறுத்துங்க' என்று அவள் சொல்லச் சொல்ல ஒரு தள்ளுவண்டியை உரசிவிட்டு, இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனவர். அன்றைக்கு அவள் எவ்வளவு பேசிவிட்டாள்!

அதையெல்லாம்கூட மன்னித்திருப்பாள். ஒன்றுதான் நெஞ்சில் நின்றது.

சில வருஷங்களுக்கு முன்னால், இரட்டை பிரேக் வைத்த பழைய கார் ஒன்று விலைக்கு வந்தது. சொந்தமாக எடுத்துப் பெண்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கலாம் என்று அவளுக்கு ஆசை. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, விளக்கை அணைத்த பிறகு, முதுகைக் காட்டிப் படுத்திருந்த மனிதரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் 'ம்' என்றார். இன்னும் கொஞ்சம் சொன்னாள். 'ம்'. மறுநாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு இஷ்டமில்லை, சொல்லி மனதை நோகடிக்க வேண்டாம் என்று பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டு ஆசையை மூட்டை கட்டிவிட்டாள். அந்தக் கார் வேறொருவரிடம் போனது. இவள் முதலாளியின் காரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

டீயைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். நாற்காலியை இழுத்து நேருக்கு நேர் போட்டுக்கொண்டு, அந்தக் கதையை மறுபடியும் முழுக்கச் சொன்னாள்.

அவர் கேட்டு முடித்தார். "இதை எப்ப சொன்ன?"

"சொன்னேன்."

"நல்ல யோசனைதானே. ஏன் வாங்கல?"

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. "நீங்க 'ம்'னு சொன்னீங்க!"

"'ம்'னா சரின்னுதானே அர்த்தம்?"

இதற்கு மேல் அந்த வீட்டில் நின்றால் தப்பு என்று கீழே இறங்கி நர்ஸ் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நர்ஸ், "என்னக்கா, பெட்டியத் திருப்பிக் குடுத்துட்டீங்களா?" என்று ஆவலோடு கேட்டாள். அக்கா நடந்ததைச் சொன்னாள். நர்ஸ் சிரிக்கவில்லை. தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் காது டாக்டர் வருகிற நாளைச் சொல்லி, "வரமாட்டேன்னுதான் சொல்வாரு. அதையெல்லாம் காதுல வாங்காதீங்க. அவரு மாதிரியே இருங்க" என்றாள்.

அவர் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். அவளும் காதில் வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தபோது, சோதிக்கிற பெண்ணிடம், "இவரு தோளைப் பாத்தே விரல் தூக்குவாரும்மா, அந்தப் பக்கமா திருப்பி உக்கார வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். மெல்லிய, கீச்சென்ற ஒலிகள்தான் போயிருந்தன. கனத்த ஒலிகள் பாதிக்குமேல் மிச்சம் இருந்தன. சொல்லைச் சொல்லாக்குகிற எழுத்தெல்லாம் அந்த மெல்லிய பக்கத்தில்தான் இருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். அவர் டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அச்சகத்தில் பயந்ததில் பாதி நடந்தது. டாக்டர் சீட்டைக் காட்டியதும் மெஷினிலிருந்து எடுத்தார்கள். கட்டு கட்ட அனுப்பாமல், அச்சாகி வரும் தாளில் நிறம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் மேஜையில் போட்டார்கள். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார். கண்ணுக்கு வேலை, காதுக்கு ஓய்வு என்று பிறகு பழகிக்கொண்டார்.

சவுண்ட்பார் அந்த அமளியில் திருப்பிக் கொடுக்கும் நாளைத் தாண்டிவிட்டது. அதன்மேல் குற்றம் ஒன்றும் இல்லை என்பதுதான் அவளுடைய கடைசித் தீர்ப்பு. அந்த விலைக்கு அந்தக் கட்டை நன்றாகவே பேசியது. ஆனால் பெட்டி வீட்டில் இருக்கும்வரை நர்ஸ் படியேறி வருவது நிற்காது என்பதால் இரண்டையும் தம்பிக்கே கொடுத்துவிட்டாள். அவன் இரண்டாம் நாளே போன் செய்தான்.

"அண்ணி, வாய்க்கும் பேச்சுக்கும் கொஞ்சம் டிலே இருக்கே, கவனிச்சீங்களா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

காதுக் கருவி வந்தபிறகு அவள் நிம்மதியாக இருப்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வந்த அன்றே அவர் குழாயைக் குறை சொன்னார். "சொட்டுதே, எப்பலேர்ந்து இப்படி?" மின்விசிறி கிறீச்சிடுகிறது என்றார். அவள் பாத்திரம் கழுவினால், "கொஞ்சம் மெதுவா வைக்கக் கூடாதா?" என்றார். அவள் பழக்கதோஷத்தில் சாப்பிடக் கூப்பிட்டுக் கூவினால், "ஏன் இப்படி கத்தற? நான் என்ன செவிடா?" என்று கேட்டார். இத்தனை வருஷம் அவளைச் சங்கு ஊத வைத்த மனிதர் கேட்டார்.

அந்த வருஷமே அவள் சொந்தமாகக் கார் எடுத்தாள். பழசுதான், கதவை இரண்டு முறை சாத்தினால்தான் சாத்தும். முதல் நாள் அவரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனாள். வழியெல்லாம், "எஞ்சின்ல ஏதோ டிக்டிக்னு கேக்குது, பாத்தியா?" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அவளுக்கு அப்படி ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து, அடுப்பை நோக்கித் திரும்பி நின்று, "வாயை மூடிட்டு வந்தா குறைஞ்சா போயிடுவாரு" என்று அவள் மெல்ல முணுமுணுத்தாள்.

"குறைய மாட்டேன்" என்றார் அவர், கூடத்திலிருந்து.

அவள் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். இனிமேல் இந்த வீட்டில் நிம்மதியாக முணுமுணுக்கக்கூட ஓர் இடம் இல்லை.